எலி, முயல், ஒப்பாசம், மனுஷன்: கரு வளர்ச்சில ஜீன் எக்ஸ்பிரஷன ஒப்பிடறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

இந்தப் பக்கம் புதுசா வர்ற பசங்க, பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் எம்எஸ்சி படிக்கிறவங்க, சும்மா ஆர்வத்துல கேக்குறவங்கன்னு எல்லாரும் சுத்திச் சுத்தி அதே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா ஒரே எடத்துல போட்டுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். மேலேர்ந்து படிச்சிட்டு வாங்க, கீழ போகப்போக மேல சொன்னத வச்சுத்தான் பேசுவேன்.

ஜீன் எக்ஸ்பிரஷன்னா என்ன? டிஎன்ஏ டெஸ்ட்டும் இதுவும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. உங்க கல்லீரல் செல்லுலயும் மூளை செல்லுலயும் இருக்குற டிஎன்ஏ கிட்டத்தட்ட அதேதான், ஆனா கல்லீரல்ல அல்புமின் ஜீன் ஓயாம ஓடிட்டு இருக்கும், மூளை செல்லுல அது அனேகமா மூடியே கெடக்கும். எந்த ஜீன் எந்த செல்லுல எப்போ எவ்வளவு ஓடுதுங்கறதுதான் எக்ஸ்பிரஷன். ஜீன் ஓடினா அதோட நகலா ஆர்என்ஏ வரும், அந்த ஆர்என்ஏவ மொத்தமா பிரிச்செடுத்து சீக்வென்ஸ் பண்ணி எந்த ஜீன்லேர்ந்து எத்தன துண்டு வந்திருக்குன்னு எண்ணிட்டா அது ஆர்என்ஏ-சீக். மனுஷனுக்கு புரோட்டீன் செய்யுற ஜீன் சுமார் 20,000, அதனால ஒரு சாம்பிள்னா 20,000 வரி உள்ள ஒரு நம்பர் பட்டியல்.

டிஎன்ஏ டெஸ்ட்ட ரத்தத்துல எடுத்தாலும் எச்சில்ல எடுத்தாலும் பதில் ஒண்ணுதான். இதுல எந்த உறுப்பு, எந்த வயசு, எடுத்து எவ்வளவு நேரத்துல ஐஸ்ல வச்சீங்க, எல்லாமே பதில மாத்தும். பின்னாடி வர்ற பாதி தலைவலி இதுலேர்ந்துதான் வருது.

வளந்த மிருகத்துல பாத்தா போதாதா? எதுக்கு கருவுல போய் பாக்கணும்?

வளந்த மிருகத்துலதான் முதல்ல பாத்தாங்க. 1975லயே மேரி-கிளேர் கிங், ஆலன் வில்சன் ரெண்டு பேரும் மனுஷனோட புரோட்டீனும் சிம்பன்சியோட புரோட்டீனும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கே, அப்பறம் உடம்பு மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு கேட்டு, ஜீன் எப்போ எங்க ஓடுதுங்கறதுலதான் விஷயம் இருக்கணும்னு எழுதினாங்க. 2011ல 9 பாலூட்டி, கூட ஒரு கோழி, மொத்தம் 10 இனத்தோட வளந்த உறுப்புகள வச்சு ஒரு பெரிய ஆர்என்ஏ-சீக் ஒப்பீடு வந்துச்சு. நல்ல வேலைதான்.

ஆனா யோசிச்சுப் பாருங்க, வௌவாலோட ரெக்கையும் எலியோட முன்னங்காலும் வளந்ததுக்கப்புறம் எடுத்துப் பாத்தா ரெண்டுலயும் எலும்பு, தசை, தோல் ஜீன்தான் ஓடிட்டு இருக்கும். விரல் நீளமாகணும்னு முடிவானது கருவுல, சில நாளுக்குள்ள, அந்த சிக்னல் எல்லாம் அப்பவே அணைஞ்சு போச்சு. உடம்போட வடிவம் ஏன் மாறிச்சுன்னு தெரியணும்னா அது மாறுற நேரத்துல போய்த்தான் பாக்கணும், வேற வழி கெடையாது.

எந்தெந்த மிருகத்த எடுக்குறாங்க? லிஸ்ட்ல கோழி ஏன் இருக்கு, அது பாலூட்டியே இல்லையே?

இப்போ எல்லாரும் முதல்ல எடுத்துப் பாக்குற டேட்டா 2019ல நேச்சர்ல வந்தது. ஜெர்மனி ஹைடல்பர்க்ல ஹென்ரிக் கெஸ்மன் லேப், முதல் ஆசிரியர் மார்கரிடா கார்டோசோ-மொரேரா. மனுஷன், ரீசஸ் குரங்கு, சுண்டெலி, எலி, முயல், ஒப்பாசம், கோழின்னு 7 இனம்; பெருமூளை, சிறுமூளை, ஹார்ட், கிட்னி, கல்லீரல், சினைப்பை, விரைன்னு 7 உறுப்பு; உறுப்பு உருவாக ஆரம்பிக்கிறதுலேர்ந்து வளந்த வயசு வரைக்கும் படிப்படியா, மொத்தம் 1,893 சாம்பிள். கீழ நான் "2019 டேட்டா"ன்னு சொன்னா இதத்தான் சொல்றேன்.

கோழி அங்க இருக்குறது சாட்சிக்கு. பாலூட்டிகளுக்குள்ள ஒரு வித்தியாசம் தெரிஞ்சா, பழைய நிலைமை எது புதுசா மாறினது எதுன்னு சொல்ல வெளிலேர்ந்து ஒரு ஆள் வேணும் (கடைசி கேள்வில இது மறுபடி வரும்). ஒப்பாசம் பாலூட்டிதான், ஆனா கங்காரு வகையறா, நம்ம பாதையிலேர்ந்து சுமார் 16 கோடி வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சு போனது. லேப்ல வளக்குறது பிரேசில் பக்கத்து சாம்பல் நிற குட்டைவால் ஒப்பாசம், எலி சைஸ்தான் இருக்கும், வயித்துல பை கூட கெடையாது.

மனுஷ கரு சாம்பிள் எங்கேர்ந்து வருது? அது தப்பில்லையா?

பெரும்பாலும் பிரிட்டன்ல இருக்குற ஹியூமன் டெவலப்மென்டல் பயாலஜி ரிசோர்ஸ் மாதிரி திசு வங்கிகள்லேர்ந்து. லண்டன்லயும் நியூகாசில்லயும் நடக்குது. சட்டப்படி கருக்கலைப்பு செஞ்சுக்குறவங்க, அந்த முடிவ எடுத்ததுக்கப்புறம், எழுத்துல சம்மதம் கொடுத்தா மட்டும் எதிக்ஸ் கமிட்டி அனுமதியோட ஆராய்ச்சிக்குக் கொடுப்பாங்க. சம்மதம் வாங்குறதும் ஆராய்ச்சி பண்றதும் வேற வேற ஆளு. தப்பா சரியாங்கறதுல அவங்கவங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், அத நான் இங்க தீத்து வைக்க முடியாது, நடைமுறை இதுதான்.

இதுல இருந்து ஒரு டெக்னிக்கல் விஷயம் வருது. 2019 டேட்டால மனுஷ சாம்பிள் கருவாகி 4 வாரத்துலேர்ந்து 20 வாரம் வரைக்கும் இருக்கு, அப்பறம் நேரா பிறந்த குழந்தைக்குத் தாவிடும். நடுவுல காலி. கிராஃப்ல அந்த எடத்துல கோடு ஸ்மூத்தா போகுதேன்னு நம்பிடாதீங்க, அங்க ஒண்ணுமே அளக்கல. சிம்பன்சி கரு சாம்பிளும் நடைமுறைல கெடைக்காது, அதனாலதான் மனுஷன்-சிம்பன்சி வேலை எல்லாம் ஸ்டெம் செல்லு (எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய செல்), ஆர்கனாய்டு (அதுலேர்ந்து தட்டுல வளக்குற குட்டி உறுப்பு)ன்னு போயிடுச்சு.

சுண்டெலிக்கு 20 நாள்ல பிரசவம், மனுஷனுக்கு ஒம்பது மாசம். எந்த நாள எந்த நாளோட ஒப்பிடுவீங்க?

என்னைக் கேட்டா இந்த ஃபீல்டோட உயிர்நாடியே இந்தக் கேள்விதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்பறம். நாள் கணக்கு வேலைக்காகாது. சதவீதமா போட்டா என்ன, சுண்டெலி 10வது நாள்னா பாதி கர்ப்பம், மனுஷனுக்கு பாதின்னா பத்தொம்பது வாரம்னு ஒருத்தர் கேட்டாரு. அதுவும் ஆகாது. சுண்டெலி 10வது நாள்ல கை கால் மொட்டுதான் இருக்கும், மனுஷ கரு பத்தொம்பது வாரத்துல விரல், நகம் எல்லாம் வந்து உதைக்க ஆரம்பிச்சிடும்.

பிறப்ப ஒரு பொதுப் புள்ளியா வச்சுக்கலாம்னு அடுத்து தோணும், அது இன்னும் மோசம். ஒப்பாசம் 14 நாள்ல பிறந்திடும், அப்போ அதோட எடை 0.1 கிராம், வாயும் முன்னங்காலும் மட்டும் ஒழுங்கா இருக்கும், பின்னங்கால் இன்னும் மொட்டுதான், அம்மா காம்புல ஒட்டிக்கிட்டு மீதி வளர்ச்சிய வெளியதான் முடிக்கும். மூளைய மட்டும் பாத்தா பிறந்த மனுஷக் குழந்தைக்கு சமமா வர்ற சுண்டெலி, பிறந்து ஒரு வாரம் பத்து நாள் ஆனது. ஒரே ரூட்ல எல்லா பஸ்ஸும் போகுது, ஆனா பிறப்புங்கற ஸ்டாப்ப ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எடத்துல வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

அப்போ எப்படித்தான் பண்றதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு பழைய வழி, உருவத்தப் பாத்து நிலை பிரிக்கிறது. மனுஷ கருவோட முதல் 8 வாரத்த 23 கார்னகி நிலையா பிரிச்சு வச்சிருக்காங்க, அதே அளவுகோல மத்த பாலூட்டிக்கும் போடலாம். ஆனா 8 வாரத்தோட அது முடிஞ்சிடும். ரெண்டாவது, டேட்டாவையே பேச விடறது: ஒரு இனத்தோட ஒவ்வொரு நாள் எக்ஸ்பிரஷனையும் இன்னொரு இனத்தோட ஒவ்வொரு நாளோடயும் ஒத்துப் பாத்து ஒரு கட்டம் போட்டு, அதுல முன்னாடி மட்டுமே போற மாதிரி ரொம்ப நல்லா பொருந்துற பாதைய தேடுறது. டைனமிக் டைம் வார்ப்பிங்னு பேரு, பேச்சு ரெகக்னிஷன்லேர்ந்து வந்த டெக்னிக். ஒருத்தர் வேகமா ஒருத்தர் மெதுவா அதே வாக்கியத்த சொன்னா எப்படி பொருத்துவாங்களோ அதே கணக்கு.

எல்லா உறுப்பும் ஒரே மாதிரி பொருந்துமா? அதாவது சுண்டெலி கல்லீரலுக்கு செட்டான நாள் சினைப்பைக்கும் செட்டாகுமா?

பெரும்பாலும் செட்டாகும், ஆச்சரியமான அளவுக்கு. ஆனா சில எடத்துல ஒரு உறுப்பு மட்டும் தனியா முந்தும் பிந்தும். தெளிவான உதாரணம் முயல் சினைப்பை. சுண்டெலில முட்டை செல்கள் மயோசிஸ் (குரோமோசோம் பாதியாகுற செல் பிரிவு) ஆரம்பிக்கிறது கருவோட 13வது நாள் வாக்குல, மனுஷப் பெண் கருவுல மூணாவது மாசம், அதாவது ரெண்டுலயும் பிறக்குறதுக்கு முன்னாடியே. முயல்ல பிறப்ப ஒட்டித்தான் ஆரம்பிக்கும். மத்த உறுப்ப வச்சு நிலைய பொருத்திட்டு சினைப்பைய பாத்தா நூத்துக்கணக்கான ஜீன் "வித்தியாசம்"னு வந்து நிக்கும், உண்மைல அதே ப்ரோக்ராம்தான், லேட்டா ஓடுது. இது தெரியாம பேப்பர் எழுதினா அசிங்கமாப் போயிடும்.

சரி, மனுஷனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவா நடக்குது? உடம்பு பெருசுங்கறதாலயா?

உடம்பு சைஸ் மட்டும் காரணம் இல்லன்னு இப்போ நல்லாவே தெரியுது, ஏன்னா தட்டுல வளக்குற தனி செல்லுலயும் அந்த வேகம் அப்படியே வருது. முதுகெலும்புத் துண்டுகள் உருவாக ஒரு ஜீன் கடிகாரம் ஓடும், சுண்டெலி செல்லுல ஒரு சுத்துக்கு 2 மணி நேரம் சொச்சம், மனுஷ செல்லுல 5 மணி நேரம் வாக்குல. நரம்பு செல்லுலயும் அதே கதை: 2020ல லண்டன்ல ஜேம்ஸ் பிரிஸ்கோ லேப், ஸ்டெம் செல்லுலேர்ந்து மோட்டார் நியூரான் செஞ்சு பாத்தப்போ மனுஷ செல்லு ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவா போச்சு.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி, மனுஷ ஜீனத் தூக்கி சுண்டெலி செல்லுக்குள்ள வச்சா அது சுண்டெலி வேகத்துலயே ஓடுது. ஜீனோட எழுத்துல வேகம் இல்ல, செல்லோட சூழல்ல இருக்கு. மனுஷ செல்லுல புரோட்டீன் செதைஞ்சு போக கூடுதல் நேரம் எடுக்குது, அது ஒரு முக்கிய காரணம்னு காட்டியிருக்காங்க. மெட்டபாலிசத்தோட பங்கும் இருக்குன்னு அப்பறம் வேலை வந்துச்சு.

அக்கா, ஜீன் பேரு எலிக்கும் மனுஷனுக்கும் ஒண்ணாத்தான இருக்கு, பேர வச்சு மேட்ச் பண்ணா போதும்ல?

போதாதுடா தம்பி. பேரு மனுஷங்க வச்சது, வம்சாவளி அதுவா இருக்குறது. ஒரே மூதாதை ஜீன்லேர்ந்து ரெண்டு இனத்துக்கும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வந்த ஜோடிய மட்டும் எடுக்கணும், என்செம்பிள் மாதிரி டேட்டாபேஸ்ல அந்த லிஸ்ட் ரெடியா இருக்கு. மனுஷனுக்கும் சுண்டெலிக்கும் 15, 16 ஆயிரம் ஜோடி தேறும்.

இன்சுலின எடுத்துக்கோ. மனுஷனுக்கு ஒரு இன்சுலின் ஜீன்தான். சுண்டெலிக்கும் எலிக்கும் ரெண்டு, ஒண்ணு மூத்தது, இன்னொண்ணு அதோட ஆர்என்ஏ திரும்ப டிஎன்ஏவாகி ஜீனோம்ல போய் ஒட்டிக்கிட்ட நகல். இப்போ மனுஷ இன்சுலின எதோட ஒப்பிடுவ? மூத்ததோடயா, ரெண்டையும் கூட்டியா? ஒண்ணுக்கு ஒண்ணு லிஸ்ட் போட்டா இன்சுலினே காணாம போயிடும், இவ்வளவு ஃபேமஸான ஜீன் உன் ரிசல்ட்ல ஏன் இல்லன்னு கைடு கேப்பாரு. நகலான ஜீன்கள்தான் பல நேரம் வேகமா மாறுறதும் கூட, அதனால இந்த லிஸ்ட்டோட வேலை செய்யும்போது அமைதியான ஜீன்களத்தான் அதிகமா பாக்குறோம்னு ஞாபகம் வச்சுக்கணும்.

இன்னொண்ணு, சுண்டெலி ஜீனோம் மாதிரி ஒப்பாசம் ஜீனோம் நுணுக்கமா குறிக்கப்படல. ஒரு ஜீனோட வால் பகுதி குறிப்புல விட்டுப் போச்சுன்னா அங்க விழுற ஆர்என்ஏ துண்டு எண்ணிக்கைல சேராது, எக்ஸ்பிரஷன் கம்மின்னு தப்பாத் தெரியும். ரெண்டு இனத்துலயும் பொதுவா இருக்குற எக்ஸான் (ஜீன்ல, முடிஞ்ச ஆர்என்ஏல தங்குற துண்டு) பகுதிய மட்டும் எண்றது ஒரு தற்காப்பு.

பிசிஏ போட்டேன், எல்லா சாம்பிளும் இனம் வாரியா பிரிஞ்சு நிக்குது, உறுப்பு வாரியா இல்ல. புது கண்டுபிடிப்பா?

பிசிஏன்னா ஆயிரக்கணக்கான ஜீனோட நம்பர ரெண்டு மூணு அச்சுக்கு சுருக்கி, ஒரே மாதிரி சாம்பிள் பக்கத்துல பக்கத்துல விழுற மாதிரி போடுற படம். அவசரப்படாதீங்க, இதுக்கு ஒரு வரலாறே இருக்கு. 2014ல மவுஸ் என்கோட்ங்கற, சுண்டெலி ஜீனோம்ல எந்தப் பகுதி என்ன வேலை பாக்குதுன்னு பட்டியல் போடுற பெரிய ப்ராஜெக்ட்லேர்ந்து ஒரு பேப்பர் வந்துச்சு, மனுஷ இதயமும் சுண்டெலி இதயமும் ஒட்டாம, மனுஷ உறுப்பெல்லாம் ஒரு பக்கம் சுண்டெலி உறுப்பெல்லாம் ஒரு பக்கம்னு நிக்குதுன்னு. 2011 பேப்பரெல்லாம் உறுப்பு வாரியா சேருதுன்னு சொல்லியிருக்க இது நேர் எதிர். அடுத்த வருஷம் யோவ் கிலாட், ஒர்னா மிஸ்ராஹி-மான் ரெண்டு பேரும் சீக்வென்ஸிங் மெஷின்லேர்ந்து வந்த ஃபைல்ல ஒவ்வொரு வரிக்கும் தலைப்புல இருக்குற ரன் (மெஷின ஒரு தடவ ஓட்டுறது) விவரத்த எடுத்துப் பாத்தாங்க. மனுஷ சாம்பிள்ல பெரும்பாலானது ஒரு ரன்ல, சுண்டெலி சாம்பிள்ல பெரும்பாலானது வேற ரன்ல. 5 பேட்ச்ல (ஒண்ணா சேத்து ஓட்டின சாம்பிள் கூட்டம்) ஒண்ணே ஒண்ணுலதான் ரெண்டு இனமும் கலந்திருந்துச்சு. பேட்ச் வித்தியாசத்த கணக்குல எடுத்துட்டு திரும்ப பண்ணா சாம்பிள்கள் உறுப்பு வாரியா சேர ஆரம்பிச்சுது.

அசல் ஆளுங்க ஒத்துக்கல, வாதம் கொஞ்ச நாள் ஓடுச்சு. இனமும் பேட்ச்சும் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போச்சுன்னா எந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸாலயும் முழுசா பிரிக்க முடியாது, அதனால சாம்பிள் அனுப்புறதுக்கு முன்னாடியே கலந்து அனுப்புங்க. உங்க பிசிஏக்கு வந்தா, மொதல்ல ரன் வாரியா கலர் போட்டுப் பாருங்க. 2019 டேட்டால முதல் ரெண்டு அச்சுல உறுப்பும் வளர்ச்சி நிலையும்தான் தெரியுது, இனம் அப்பறம்தான்.

மொத்தத்துல என்னதான் கண்டுபிடிச்சாங்க, ஒரு வரில சொல்லுங்க?

ஆரம்பத்துல ஒத்துப்போகுது, வளர வளர விலகுது. ஒரு உறுப்பு உருவாக ஆரம்பிக்கிறப்போ முயலுக்கும் மனுஷனுக்கும் எக்ஸ்பிரஷன் ரொம்ப நெருக்கம், வளந்து முடியறப்போ ரொம்ப தள்ளி.

இத 1828லயே கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்ணால பாத்து சொல்லிட்டாரு. ஸ்பிரிட்ல போட்ட ரெண்டு குட்டிக் கருவுக்கு பேரு எழுதி வைக்காம விட்டுட்டு, அப்பறம் பாத்தா அது பல்லியா பறவையா பாலூட்டியான்னே சொல்ல முடியலன்னு அவரே எழுதியிருக்காரு. லேபிள் ஒட்டாத டியூப் பிரச்சனை அப்பவே இருந்திருக்கு. இத அவருக்கு அப்பறம் வந்த ஜெர்மன் விலங்கியல்காரர் ஹெக்கல் சொன்னதோட கொழப்பிக்காதீங்க. மனுஷக் கரு மீனாகி பல்லியாகி வருதுன்னு அவரு சொன்னது தப்பு, படத்தையும் இழுத்து வரைஞ்சாரு.

மணல் கடிகார மாடல்னு படிச்சேன், நடுவுலதான் ஒத்துப்போகும்னு. நீங்க ஆரம்பத்துலன்னு சொல்றீங்க. யாரு சரி?

ரெண்டு பேரும். 1994ல டெனி டூபூல் சொன்ன மணல் கடிகாரத்துல, முட்டை பிரியற ரொம்ப ஆரம்ப நிலைல இனங்கள் வேறுபடும், உடம்போட அடிப்படை அமைப்பு உருவாகுற நடு நிலைல இறுகும், அப்பறம் மறுபடி விரியும். 2010ல ஈ வகைகள்ல, ஜீப்ராமீன்ல எல்லாம் எக்ஸ்பிரஷன் டேட்டாலயும் அது தெரிஞ்சுது. 2019 டேட்டால சுண்டெலி சாம்பிள் ஆரம்பிக்கிறதே கருவோட பத்தரை நாள்ல, அதாவது கடிகாரத்தோட இடுப்பத் தாண்டி. இடுப்புக்கு அப்பறம் வர்ற பாதிய மட்டும் பாத்தா விரியறதுதான் தெரியும். அதுக்கு முந்தின பாதிய பத்தி அந்த டேட்டா ஒண்ணும் சொல்லல, சொன்னதா எழுதாதீங்க.

ஏன் ஆரம்பத்துல மட்டும் மாற மாட்டேங்குது?

ஆரம்ப நிலைல ஓடுற ஜீன்கள் பல உறுப்புல, பல நேரத்துல ஓடுறவ. அதுல கை வச்சா ஒரே நேரத்துல இதயமும் கெடும் மூளையும் கெடும், கரு தங்காது. உறுப்பு முதிர முதிர, அந்த உறுப்புல மட்டும் ஓடுற ஜீன்களோட பங்கு கூடுது, அதுல ஒண்ணு மாறினா மத்த எடத்துல பாதிப்பு இல்ல, அதனால பரிணாமத்துக்கு விளையாட எடம் கெடைக்குது. டிஎன்ஏல ஸ்விட்ச் மாதிரி இருக்குற என்ஹான்ஸர் பகுதிகளும் பொதுவா ஜீனவிட ரொம்ப வேகமா மாறும். 20 பாலூட்டியோட கல்லீரல 2015ல ஒப்பிட்டப்போ புரமோட்டர் (ஜீனோட வாசல்லயே இருக்குற ஸ்விட்ச்) நிறைய பொதுவா இருந்துச்சு, என்ஹான்ஸர் ரொம்பக் கொஞ்சம்தான் எல்லாருக்கும் பொது.

எந்த உறுப்பு ரொம்ப வேகமா மாறுது? மூளைதானே?

எல்லாரும் மூளைன்னுதான் சொல்வாங்க, இல்ல, விரை. மத்த எந்த உறுப்பும் பக்கத்துல கூட வராது. 2011லயும் அதே, 2019லயும் அதே. பருவம் வந்து விந்தணு உற்பத்தி ஆரம்பிச்ச உடனே கோடு செங்குத்தா ஏறுது. விந்தணுவா மாறப்போற கடைசி நிலை செல்கள்தான் காரணம்னு தனி செல் டேட்டால தெரிஞ்சுது. விந்தணுக்களுக்குள்ள போட்டி ஒரு பக்கம், அந்த செல்லுல குரோமாட்டின் (புரோட்டீன்ல சுத்தி வச்ச டிஎன்ஏ) ரொம்பத் தளர்வா இருக்குறதால தேவையில்லாத ஜீன் கூட ஓடுறது இன்னொரு பக்கம். புது ஜீன்கள் முதல்ல தலகாட்டுற எடமும் அனேகமா அதுதான். மூளை எக்ஸ்பிரஷன் ரொம்ப நிதானமா மாறுற வகை.

பிறக்குறதுக்கு முன்னாடி கல்லீரல்ல ரத்த ஜீனா ஓடுது. சாம்பிள் கலந்து போச்சா?

கலக்கல, அது அப்படித்தான். கருவுல ரத்தம் உற்பத்தி பண்ற முக்கிய எடமே கல்லீரல்தான், பிறப்ப ஒட்டி அந்த வேலை எலும்பு மஜ்ஜைக்குப் போகும், கல்லீரல் மெட்டபாலிசத்துல இறங்கும். அதனால மொத்தத் திசுவ அரைச்சு அளந்தா ஒரு ஜீன் "ஏறிச்சு எறங்கிச்சு"ன்னு தெரியறது பல நேரம் ஜீன் மாறினதில்ல, செல் வகையோட விகிதம் மாறினது. இனத்துக்கு இனம் ஒப்பிடும்போதும் இதே பொறி இருக்கு.

தனி செல் முறை இதுக்குத்தான். 2024ல மனுஷன், சுண்டெலி, ஒப்பாசம் மூணோட சிறுமூளைய செல் செல்லா பாத்தாங்க. ஆரம்ப நிலைல மனுஷ சிறுமூளைல பர்கின்ஜி செல்லோட (சிறுமூளைல இருக்குற பெரிய நரம்பு செல்) பங்கு மத்த ரெண்டவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மொத்தத் திசு டேட்டால இது "பர்கின்ஜி ஜீன் எல்லாம் மனுஷன்ல அதிகமா ஓடுது"ன்னுதான் தெரிஞ்சிருக்கும், செல்லுக்குள்ள ஓடுற அளவு மாறாட்டி கூட.

ஆர்என்ஏ மாறினா உடம்பு மாறிடுமா? சும்மா நம்பர்தானே அது?

மாறணும்னு அவசியமே இல்ல. 2020ல அதே கெஸ்மன் லேப், ஆர்என்ஏவோட கூட எவ்வளவு புரோட்டீனா மொழிபெயர்க்கப்படுதுன்னும் அளந்தப்போ, ஆர்என்ஏல வந்த மாற்றத்த மொழிபெயர்ப்பு நிலைல ஓரளவு ஈடுகட்டுற மாதிரி இருந்துச்சு. அதாவது புரோட்டீன் பக்கத்துல இனங்கள் இன்னும் நெருக்கம்.

உடம்பு மாறுதான்னு தெரியணும்னா மாத்திப் பாக்கணும். 2008ல ஒரு வேலை: கை கால் வளர்ச்சில ஓடுற பிஆர்எக்ஸ்1ங்கற ஜீனோட என்ஹான்ஸர சுண்டெலில எடுத்துட்டு வௌவாலோடத வச்சாங்க. குட்டிகளோட முன்னங்கால் சுமார் 6 சதவீதம் நீளமாச்சு. ரெக்கை எல்லாம் மொளைக்கல, 6 சதவீதம்தான். இதுல வேடிக்கை என்னன்னா சுண்டெலியோட அந்த என்ஹான்ஸர சும்மா எடுத்து மட்டும் விட்டா காலு நார்மலாவே வளருது, வேற ஏதோ ஸ்விட்ச் அந்த வேலைய பாத்துக்குது. எடுத்தா ஒண்ணும் ஆகாத பகுதி, மாத்தி வச்சா வேலை செய்யுது. இந்த ஒரு ரிசல்ட்ட நல்லா யோசிச்சீங்கன்னா "இந்த ஜீன் வித்தியாசமா ஓடுது, அதனாலதான் ரெக்கை"ன்னு எழுத கை வராது.

அப்போ எலில மருந்து டெஸ்ட் பண்றது எல்லாம் வேஸ்ட்டா?

இல்லங்க. எந்த ஜீன், எந்த உறுப்புங்கறதப் பொறுத்து. 2020ல 2019 டேட்டாவையே வச்சு ஒவ்வொரு மனுஷ ஜீனையும் சுண்டெலி ஜோடியோட ஒத்துப் பாத்தாங்க: பாதி ஜீனுக்கு குறைஞ்சது ஒரு உறுப்புலயாவது காலப்போக்குல ஏறி எறங்குற விதம் வேற மாதிரி இருக்கு. அதுல மூளை, இதயம், கல்லீரல் நோயோட சம்பந்தப்பட்ட ஜீன் 200க்கு மேல. "பாதி வேற"ன்னு தலைப்பு போட்டு பயமுறுத்துறாங்க, ஆனா "குறைஞ்சது ஒரு உறுப்புல"ங்கறத விட்டுட்டு படிக்கக் கூடாது. நீங்க வேலை செய்யுற ஜீன், நீங்க பாக்குற உறுப்புல ஒத்துப்போகுதான்னு பாத்துக்கோங்க, ஒத்துப்போகலன்னா முயல்லயோ எலிலயோ எப்படின்னு பாருங்க, கெஸ்மன் லேப் சைட்ல ஜீன் பேரு அடிச்சா 7 இனத்தோட கோடும் வந்திடும், ஓசிதான். மூல ஃபைல் அர்ரே எக்ஸ்பிரஸ்ங்கற பொது டேட்டாபேஸ்ல இருக்கு, லேப்டாப்புல ஆர்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ப்ரோக்ராம் போட்டு கவுண்ட் டேபிள்லேர்ந்து (ஜீன் வாரியா எண்ணி வச்ச பட்டியல்) ஆரம்பிக்கலாம், சீக்வென்ஸ் ஃபைல எறக்க நெனைக்காதீங்க, டிஸ்க் நெறைஞ்சிடும்.

ஒரு ஜீன் மனுஷன்ல ஒரு மாதிரி, சுண்டெலில வேற மாதிரி. மனுஷன்ல மாறிச்சுன்னு எழுதிடலாமா?

கூடாது, சுண்டெலில மாறியிருக்கலாமே. இங்கதான் முயல், ஒப்பாசம், கோழி எல்லாம் வர்றாங்க. மனுஷனும் சுண்டெலியும் பிரிஞ்சு சுமார் 9 கோடி வருஷம், ரீசஸ் குரங்கு நம்மகிட்டேர்ந்து பிரிஞ்சது 2.5லேர்ந்து 3 கோடி வருஷம், கோழி 30 கோடிக்கு மேல. முயலு, எலி ரெண்டும் சுண்டெலி பக்கத்து சொந்தம். எலியும் முயலும் ஒப்பாசமும் சுண்டெலி மாதிரியே இருந்து மனுஷன் மட்டும் தனின்னா மனுஷன் பாதைல மாறியிருக்க வாய்ப்பு அதிகம். முயலும் ஒப்பாசமும் மனுஷன் மாதிரி இருந்து சுண்டெலியும் எலியும் மட்டும் வேறன்னா மாறினது எலி வகையறா. ரெண்டே இனத்த வச்சு திசை சொல்லவே முடியாது, ஆனா வர்ற பேப்பர்ல பாதி ரெண்டே இனம்தான்.

இன்னும் ஒரு சிக்கல். மனுஷன் தனின்னு வந்தா, அது மனுஷனுக்கு மட்டுமா, குரங்கு வம்சத்துக்கே பொதுவான்னு குரங்க கேக்கணும். 2019 டேட்டால ரீசஸ் சாம்பிள் ஆரம்பிக்கிறதே கருவோட 93வது நாள்ல, அதோட மொத்த கர்ப்பம் 165 நாள் வாக்குல. அதுக்கு முந்தின நிலைக்கு இந்த டேட்டால குரங்கு சாட்சி கெடையாது. அதனால ஆரம்ப நிலை வித்தியாசத்துக்கு "மனுஷன்லயோ குரங்கு வம்சத்துலயோ மாறினது"ன்னு எழுதுங்க, ரிவ்யூவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மாற்றம் பயனுள்ளதா, சும்மா தற்செயலா ஒதுங்கினதான்னு அடுத்து கேப்பாங்க, அதுக்கு மேல சொன்ன வௌவால் கேஸ் மாதிரி மாத்தி வச்சுப் பாக்குற எக்ஸ்பெரிமென்ட் வேணும், கோடு வரைஞ்ச கிராஃப் போதாது.